கேட்காமலே கிடைத்த சோறு

பதினெட்டாம் நூற்றாண்டில் காசியிலிருந்து ராமேசுவரத்துக்குக் கால்நடையாக வந்த பைராகி என்னும் வடநாட்டுத் துறவிக்கு, கிருஷ்ணை ஆற்றைத் தாண்டியதும் தன் பேச்சைப் புரிந்துகொள்பவர்கள் அருகிப்போவார்கள். தெலுங்குச் சீமையைக் கடந்து சோழநாட்டுக்குள் நுழைந்தால் அந்தச் சிலரும் இல்லாமல் போவார்கள். தஞ்சாவூர்க் கோட்டைக்குள் மராத்தி பேசினார்கள். சாலையோரத்துக் குடியானவருக்குத் தமிழைத் தவிர வேறு தெரியாது. இருந்தும் வடநாட்டு யாத்திரிகர்கள் வந்துகொண்டுதான் இருந்தார்கள். அந்தக் காலத்து மக்களின் இரக்கமே இதற்குக் காரணம் என்று சொல்லிவிடுவது எளிது. இரக்கம் இருந்திருக்கும், ஆனால் மாதக்கணக்கான பயணத்தை யாரோ ஒருவர் மனம் இரங்குவார் என்று நம்பித் தொடங்க முடியாது. மொழி தெரியாத ஊரில் பசியைவிடப் பெரிய இடர், பசிக்கிறது என்று சொல்லிக் கேட்பது. ராமேசுவரத்துக்கான சேது யாத்திரைப் பாதையில் சத்திரங்களை அமைத்தவர்களின் பெருமை, அப்படிக் கேட்கவேண்டிய அவசியத்தையே பெருமளவு நீக்கியதில் இருக்கிறது.

தஞ்சை மராத்திய மன்னர்கள் தலைநகரிலிருந்து ராமேசுவரம் போகும் வழி நெடுகச் சத்திரங்களைக் கட்டினார்கள். பல சத்திரங்களுக்கு அரண்மனைப் பெண்களின் பெயர். நீடாமங்கலத்தில் யமுனாம்பாள் சத்திரம், ஒரத்தநாட்டில் முக்தாம்பாள் சத்திரம். பட்டுக்கோட்டைக்குத் தெற்கே ராஜாமடம், சேதுபாவாசத்திரம், மணமேல்குடி, மீமிசல் என்று சத்திர வரிசை கடற்கரையோரமாகத் தொடர்ந்தது. கிராமங்களின் வருவாய் இவற்றுக்கு மானியமாக ஒதுக்கப்பட்டது. 1799 உடன்படிக்கையில் நாட்டின் நிர்வாகம் கிழக்கிந்தியக் கம்பெனியிடம் போனதும், அந்த வருவாயும் போய்விடுமோ என்று தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி கவலைப்பட்டார். 1801இல் அவர் கம்பெனியின் பிரதிநிதியான ரெசிடெண்டுக்கு எழுதிய கடிதம்தான் சத்திரங்களின் அன்றாடத்தைக் காட்டும் முக்கியமான சான்று. பிராமணர் முதல் தீண்டாதாராக ஒதுக்கப்பட்டவர் வரை, ஜோகி, ஜங்கமர், பைராகி போன்ற துறவிகள் உட்பட எல்லோருக்கும் சோறு உண்டு. சமைத்ததை உண்ணாதவர்களுக்கு அரிசியும் மளிகையும் கொடுத்துவிடுவார்கள். நள்ளிரவில் மணி அடித்து, இன்னும் சாப்பிடாதவர்களை அழைப்பார்கள். காய்ச்சலில் விழுந்தவர் எழுந்து நடக்கும்வரை தங்கலாம், மருத்துவர் பார்ப்பார். குழந்தைகளுக்குப் பால், கர்ப்பிணிகளுக்குத் தனிக் கவனிப்பு, வழியில் இறந்தவருக்கு அவரவர் முறைப்படி ஈமக்கடன்.

இந்தப் பட்டியலை மொழி தெரியாதவன் இடத்தில் நின்று படித்தால் இதன் நுட்பம் தெரியும். மணியோசைக்குத் தமிழும் வேண்டாம், இந்துஸ்தானியும் வேண்டாம். யார் கையால் சமைத்ததை உண்பேன், எதை உண்ணமாட்டேன் என்ற நீண்ட விளக்கத்தை ஒரு படி அரிசி மிச்சப்படுத்தியது. நோயாளி தங்குவதற்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. உடம்பின் சூடே சொல்லிவிடும். சாலையோரச் சுமைதாங்கிக் கல்லும் கோடைக்காலத் தண்ணீர்ப்பந்தலும் இதே ஏற்பாட்டின் எளிய வடிவங்கள். எதிர்த்திசையில் போன தமிழர்கள் வேறு வழி கண்டார்கள். காசியில் மடம் அமைக்க இடம் கேட்கப் போன சைவத் துறவி குமரகுருபரர், கலைமகள் அருளால் இந்துஸ்தானி பேசினார் என்கிறது மரபுக்கதை. கேட்டுப் பெற வேண்டியிருந்ததால் அவருக்கு மொழி தேவைப்பட்டது. நகரத்தார் 1863இல் காசியில் சத்திரம் நிறுவி, போகிற தமிழருக்குத் தமிழ் பேசும் இடத்தையே அங்கே உண்டாக்கினார்கள். அது தன் மக்களுக்குச் செய்த உதவி. தஞ்சை வழியில் நடந்ததோ முன்பின் தெரியாதவர்களுக்குச் செய்த உதவி.

சரபோஜியின் கடிதம் ஒரு விண்ணப்பம்தானே, பெருமை கலந்திருக்காதா என்று கேட்கலாம். கலந்திருக்கும். ஆனால் அதைப் படித்த ரெசிடெண்ட் ஆளனுப்பிச் சரிபார்க்கக்கூடிய நிலையில் இருந்தார். மானியம் நிலைக்கவேண்டும் என்று கேட்பவர் எளிதில் பிடிபடும் பொய்யை எழுதுவது அவருக்கே கேடு. இதெல்லாம் புண்ணியத்துக்கும் புகழுக்கும் செய்ததுதானே என்பது அடுத்த கேள்வி. ஆமாம், ஆனால் புண்ணியம் மட்டும் போதுமென்றால் பகலில் ஒருவேளைச் சோறு போட்டாலே கிடைத்திருக்கும். நள்ளிரவு மணி, பிந்தி வருகிறவனின் களைப்பை நினைத்துப் பார்த்த ஒருவரின் யோசனை. மூன்றாவது கேள்வி கடினமானது: சாதி. எல்லோருக்கும் சோறு கிடைத்தது என்பதால் எல்லோரும் ஒரே பந்தியில் உட்கார்ந்தார்கள் என்று ஆகாது; கடிதமும் அப்படிச் சொல்லவில்லை. 1904இல் காசிக்குப் போன ஈ.வெ.ராமசாமிக்குப் பிராமணர் அல்லாதவர் என்பதால் சத்திரத்தில் சாப்பாடு மறுக்கப்பட்டது என்கின்றன அவர் வாழ்க்கை வரலாறுகள். மொழி தெரியாததைவிடச் சாதி தெரிந்துவிடுவது பெரிய தடையாக இருந்த இடங்கள் உண்டு. சத்திர மரபை மெச்சுகிறவர்கள் இதையும் சேர்த்தே சொல்லவேண்டும்.

1855இல், பெயரளவில் எஞ்சியிருந்த தஞ்சை அரசும் கம்பெனி ஆட்சியோடு இணைக்கப்பட்டது. பிறகு ரயில் வந்தது. 1914இல் பாம்பன் பாலம் திறந்ததும் ராமேசுவரம் வரை ரயிலிலேயே போக முடிந்தது. நடப்பவர்கள் குறையக் குறைய வழிச் சத்திரங்களின் தேவையும் தேய்ந்தது. சாலையோர மக்களின் மனம் அதற்குள் கல்லாகிவிடவில்லை. மானியமும் ஆளும் மணியும் சேர்ந்த ஏற்பாடுதான் தளர்ந்தது. அந்நியரிடம் காட்டும் அன்பை மனித குணமாக மட்டுமே பேசுகிறவர்களால் இந்த மாற்றத்தை விளக்க முடியாது. இன்று பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் தமிழ் தெரியாமல் இங்கே வேலைக்கு வருகிறவர்களை நாம் எப்படி நடத்துகிறோம் என்பதையும் ஏற்பாடு இருக்கிறதா என்ற இந்த அளவுகோலால்தான் பார்க்கவேண்டும். நம்மில் எத்தனை பேர் நல்லவர்கள் என்று எண்ணுவதைவிட, அவர்கள் வாய்திறந்து கேட்காமலே நம் மருத்துவமனையிலும் ரேஷன் கடையிலும் என்னென்ன கிடைக்கும் என்று கேட்டுப் பார்ப்பது நேர்மையான கணக்கு.