பெயர்களிற் படிந்த வரலாறு: ஹட்டன் மலைச்சாரல்

ஒரு நாட்டின் பழமையைக் கோட்டைகளிலும் கோபுரங்களிலும் தேடுதல் உலக வழக்கு. அனுராதபுரத்திற்கும் பொலன்னறுவைக்கும் கல்விச் சுற்றுலாச் செல்லும் நம் மாணவர், ஹட்டனைக் கடக்கும்போது குளிர்காற்றையும் அருவிகளையும் வியந்து மகிழ்கின்றனர். அங்கே படித்தறிதற்குரிய வரலாறும் உண்டென எண்ணுவோர் சிலரே. அரசர் தலைநகரம் எதுவும் இம்மலைச்சாரலில் இருந்ததில்லை என்பது மெய். எனினும் மூன்று மக்கட் கூட்டத்தார் இட்ட பெயர்கள் இங்கு ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து கிடக்கின்றன. அவற்றைப் பிரித்துப் படிப்பார்க்கு இச்சிற்றூர்கள் ஒரு நூலகமாகவே தோன்றும்.

முதற்படிவு சிங்களப் பெயர்களாலானது. ‘திக்’ என்பது நீளத்தையும் ‘ஓயா’ என்பது ஆற்றையும் குறிக்க, திக்கோயா ‘நீண்ட ஆறு’ எனப் பொருள்படும். தோட்டங்கள் தோன்றுமுன் இந்நிலம் ஆளில்லாப் பெருங்காடாகக் கிடந்தது என்னும் கூற்றை அப்படியே ஏற்றல் இயலாது. 1070 ஆம் ஆண்டளவிற் சோழராட்சியை நீக்கிப் பொலன்னறுவையிலிருந்து ஆண்ட முதலாம் விசயபாகு, சிவனொளிபாதமலைக்கும் அங்குச் செல்லும் யாத்திரிகர்க்கும் செய்த அறங்களை அம்பகமுவைக் கல்வெட்டுக் கூறுகின்றது. 7,359 அடி உயர்ந்த அம்மலையைப் பௌத்தரும் சைவரும் இசுலாமியரும் கிறித்தவரும் தத்தம் மரபுப்படி போற்றுகின்றனர். 1344 ஆம் ஆண்டில் இபின் பதூதா என்னும் மொரோக்கோ நாட்டுப் பயணி அதனைக் காண விரும்பியபோது, வழித்துணையாக யோகிகளையும் அந்தணர்களையும் உடனனுப்பியவன் தமிழ் மன்னனாகிய ஆரியச் சக்கரவர்த்தியே. எனவே இம்மலைகள் பல சமயத்தார் பாதங்களும் பதிந்த பழைய யாத்திரை நிலமாகும்.

இரண்டாம் படிவு கடல்கடந்து வந்தது. 1840 ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிச் சட்டம், உரிமைச் சான்று காட்டப்படாத காடுகளையெல்லாம் அரசுடைமையாகக் கொள்ள வழிசெய்தது. அக்காடுகள் கோப்பித் தோட்டங்களாயின. 1869 இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழிக்கவே, தேயிலை அவ்விடத்தைப் பற்றிக்கொண்டது. வந்த துரைமார் தாம் பிரிந்த நாட்டைப் பெயர்களால் இங்கு மீண்டும் அமைத்துக்கொண்டனர். இசுக்கொத்துலாந்தின் அபடீன் மாவட்டத்தில் ஹட்டன் என்றொரு சிற்றூர் உண்டு, ஸ்ட்ரத்டன் உண்டு. பேர்த் மாவட்டத்தில் டன்கெல்டும் பிளேயர் அத்தோலும் உண்டு. இப்பெயர்கள் யாவும் இன்று நம் மலைச்சாரலிலும் வழங்குகின்றன. 1878 இல் எழுந்த திக்கோயா வார்லி தேவாலயத்தைக் காண்பவர், ஆங்கில நாட்டுக் கிராமமொன்றின் கோயிலைப் பெயர்த்துவந்து தேயிலையினிடையே நாட்டினரோ என ஐயுறுவர்.

பொகவந்தலாவையிலுள்ள தூய மரியாள் தேவாலயக் கல்லறைத் தோட்டம் வரலாற்று மாணவர் தவறாது காணவேண்டியதோரிடம். கல்கத்தாவிற் பிறந்து, இங்கிலாந்தின் வைட் தீவிலே கவிஞர் தெனிசனுக்கு அயலவராய் வாழ்ந்து, டார்வின் முதலிய பேரறிஞரின் உருவங்களைப் படமெடுத்துப் புகழ்பெற்ற யூலியா மார்கிரட் கமரன் அம்மையார் அங்கே அடக்கஞ் செய்யப்பட்டுள்ளார். 1875 இல் கணவருடன் இலங்கை வந்த அவர், 1879 சனவரி 26 இல் கிளென்கேர்ன் தோட்டத்தில் மறைந்தார். இலங்கை வாழ்வில் அவர் எடுத்த படங்களுட் சில தோட்டத் தொழிலாளருடையவை.

அவருடைய கணவர் சார்ல்ஸ் ஹே கமரன் 1880 இல் இறந்து அவரருகே துயில்கின்றார். கோல்புறூக்குடன் இணைந்து இவர் தந்த பரிந்துரைகளே, ஊதியமின்றி அரசனுக்கு உழைக்கும் இராசகாரிய முறை ஒழிவதற்குக் காரணமாயின. அத்தகையவர் இறுதித்துயில் கொண்ட மண்ணைச் சுற்றியோ கடனாற் பிணிக்கப்பட்ட வேறொரு தொழில்முறை நிலவிற்று. தொழிலாளி பட்ட கடனைத் ‘துண்டு’ என்னும் சீட்டிலெழுதி, அதனைத் தீர்க்கும் தோட்டத்திற்கு அவனை மாற்றிவிடும் அவ்வழக்கம் 1921 இலேதான் சட்டத்தால் நீக்கப்பட்டது. வரலாற்றின் முரண்களை இதனினுந் தெளிவாகக் காட்டும் இடம் நம் நாட்டிற் பிறிதொன்றுண்டோ?

மூன்றாம் படிவே நமக்கு மிக அண்மையது. மிகக் குறைவாக ஆராயப்பட்டதும் அதுவே. மண்டபத்திலிருந்து தலைமன்னாருக்குத் தோணியேறி, மாத்தளை வழியே காட்டுப்பாதையிற் கால்நடையாய் வந்த தமிழர், துரைமார் இட்ட பெயர்களோடு அமைந்துவிடவில்லை. தாம் வாழ்ந்த மலைகளுக்குத் தம் மொழியிற் பெயரிட்டனர். 1884 இல் ஹட்டனுக்கு வந்த இருப்புப்பாதை, ஹட்டனுக்கும் கொட்டகலைக்கும் இடையே சுமார் 560 மீற்றர் நீளமுள்ள சுரங்கத்துட் புகுகின்றது. ஆங்கிலத்தில் அது பூல்பாங்க் சுரங்கம். நம் மக்கள் நாவில் அது சிங்கமலைச் சுரங்கம். ஹட்டனை அடுத்த மல்லியப்புச் சந்தியும் அவ்வாறே தமிழ் மணக்கும் பெயர். பெர்குசன் வெளியிட்ட இலங்கைக் கைந்நூல் தோட்டங்களின் தமிழ்ப் பெயர்களையும் பட்டியலிட்டது. தமிழ்ப் பெயரை அறியாது தொழிலாளரை வழிநடத்துதல் துரைமார்க்கும் அரிதாயிற்று.

பெயரோடு தெய்வமும் குடியேறிற்று. லயங்களின் அருகே மாரியம்மன் கோயில் கொண்டாள். தேயிலை ஆலையின் சக்கரங்களைக் காக்க ரோதமுனியும், கவ்வாத்து வெட்டும் கத்தியின் ஏதத்தினின்று காக்கக் கவ்வாத்துச்சாமியும் தோன்றினர். தமிழகத்தில் இல்லாத இத்தெய்வங்கள் இம்மண்ணின் உழைப்பிலே பிறந்தவை. அவற்றின் மேடையிலுள்ள ஒரு கல்லும் ஒரு சூலமும் ஒரு சமுதாயத்தின் ஆவணங்களே.

இவ்வாவணங்கள் எளிதில் அழிபவை. நாட்டிற்கு மின்னொளி தருவதற்காக 1965 இல் காசல்ரீ நீர்த்தேக்கமும் 1969 இல் மவுசாகலை நீர்த்தேக்கமும் அமைந்தன. பின்னையதன் நீருள் பழைய மஸ்கெலியா நகரம் முழுவதும் மூழ்கிற்று. கடும் வரட்சியில் நீர் வற்றுங்கால் இந்துக் கோயிலும் பள்ளிவாசலும் பௌத்த விகாரையும் சேற்றினின்று தலைகாட்டுகின்றன. மழை பெய்ததும் மீண்டும் மறைகின்றன.

தோட்டத்து மக்களின் குடியுரிமையும் இங்ஙனமே நெடுங்காலம் மறைந்து கிடந்தது. 1936 இல் ஹட்டன் தொகுதியிலிருந்து கோ. நடேசய்யரை அரசாங்க சபைக்கு அனுப்பியவர்களிற் பெரும்பாலார், 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவராயினர். எஞ்சியோர்க்கு 2003 ஆம் ஆண்டின் சட்டமே முழுவுரிமை நல்கிற்று. உள்ளூராட்சி நிதியைத் தோட்டக் குடியிருப்புகளிற் செலவிடுவதற்கிருந்த தடை நீங்கியது 2018 இலே. அதுகாறும் கிராமத்திற்குரிய பணிகள் தோட்டத்தின் எல்லையிலேயே நின்றுவிட்டன. தலைமுறை பலவாகப் பிறந்தும் உழைத்தும் புதைந்தும் வாழ்ந்த இடத்தை ‘ஊர்’ என்று உரிமையோடு சொல்லுவதற்கு இம்மக்கள் இத்துணைக் காலம் காத்திருந்தனர்.

கமரன் அம்மையாரின் கல்லறையிற் பெயர் உண்டு. அவர் படமெடுத்த தொழிலாளரின் புதைகுழிகளைத் தேயிலை மூடிவிட்டது. ஆயின் அவர்தம் பெயர்கள் முற்றாக அழிந்தில. செக்ரோல் ஏடுகளிலும், கோயிற் கணக்குகளிலும், காமன்கூத்துப் பாடும் முதியோர் நெஞ்சிலும் அவை இன்னும் உள. தத்தம் தோட்டத்தின் தமிழ்ப் பெயரையும், அது வந்த காரணத்தையும், அங்கு முதலிற் குடியேறிய குடும்பங்களின் வழிவந்தோர் கூறுவனவற்றையும் நம் கல்லூரி மாணவர் ஒவ்வொருவரும் ஒரு குறிப்பேட்டில் எழுதிவைப்பாராயின், சில ஆண்டுகளில் மலைநாட்டின் ஊர்ப்பெயர் வரலாறு உருவாகிவிடும். இதற்குப் பெரும்பொருளோ அரும்பட்டமோ வேண்டுவதில்லை. விடுமுறை நாளொன்றும் கேட்கும் செவியுமே போதும். முதியோர் உள்ளபோதே அப்பணி தொடங்குக.