வரலாறு காணி உறுதி அல்ல

முல்லைத்தீவு நீராவிப்பிட்டியில் ஒரு கலியாண வீட்டுக்குப் போயிருந்தேன். சஹனைச் சுற்றி உட்கார்ந்ததும், நான் வரலாறு படிப்பிக்கிறவன் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். பக்கத்தில் இருந்த பெரியவர் சோற்றில் வைத்த கையை எடுத்துவிட்டுக் கேட்டார்:

"சேர், எங்கட ஆக்கள் வன்னிக்கு வந்த வருஷத்தச் சொல்லுங்க. ஒரு வருஷம் போதும்."

அவர் 1990 ஒக்டோபரில் புலிகளால் வெளியேற்றப்பட்டுப் புத்தளம் போனவர். யுத்தம் முடிந்து திரும்பியபின் காணிக்காக அலுவலகப் படிகள் ஏறி இறங்குகிறார். எங்கோ ஒருவர், "நீங்கள் இடையில வந்த ஆக்கள்தானே" என்று சொல்லிவிட்டாராம். அந்தச் சொல்லுக்குப் பதிலாக ஒரு வருடம் வேண்டும் அவருக்கு.

எங்கள் துறையைப் பற்றிப் பொதுவாக உள்ள பெரிய தப்பெண்ணம் இதுதான்: வரலாறு என்பது ஒரு காணி உறுதி, முதலில் வந்தவன் பெயரில் அது எழுதப்பட்டிருக்கும், வரலாற்றாசிரியர் அதைப் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுக்க வேண்டியவர்.

இளைஞர் ஒருவர் இடையில் புகுந்தார். "ஹாஷிம் குலத்து அறபிகள் வந்து எட்டு ஊர்ல குடியேறினதா ஜோன்ஸ்டன் எழுதியிருக்காரே?" உண்மைதான். இலங்கையின் பிரதம நீதியரசராக இருந்த அலெக்சாண்டர் ஜோன்ஸ்டன் 1827இல் அதை எழுதினார். ஆனால் அன்றைய முஸ்லிம்களிடையே வழங்கிய ஒரு மரபுக் கதை என்றே அவர் அதைப் பதிவு செய்தார். கதையும் ஒரு சான்றுதான். அது 19ஆம் நூற்றாண்டு முஸ்லிம்கள் தங்களைப் பற்றி என்ன நினைத்தார்கள் என்பதற்குச் சான்று. 8ஆம் நூற்றாண்டில் என்ன நடந்தது என்பதற்கல்ல. கொழும்பில் கிடைத்த கூஃபி எழுத்துக் கல்வெட்டு வேறு வகை. ஹிஜ்ரி 337இல், அதாவது கி.பி. 948 அளவில், மௌத்தான ஒருவரின் மீஸான் கல் அது. அன்று கொழும்பில் ஒரு முஸ்லிம் அடக்கப்பட்டார் என்று சொல்லும். வன்னியைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லாது.

இந்த 'எப்ப வந்தீர்கள்' வழக்கு எங்களைப் பழையகாலமாகவே அலைக்கழிக்கிறது. 1888இல் பொன்னம்பலம் இராமநாதன், சோனகர் இனத்தால் தமிழரே என்று எழுதினார். 1907இல் ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் மறுப்பு எழுதி அறபு வம்சத்தை நிறுவ முயன்றார். சட்டசபைப் பிரதிநிதித்துவம் பேசப்பட்ட காலம் அது. இருவருமே உறுதி தேடினார்கள். வயல் செய்தவரும் கடலுக்குப் போனவரும் கடை வைத்தவருமான சாதாரண முஸ்லிம்களின் வாழ்க்கை இரண்டு பேரின் வாதத்திலும் பின்னுக்குப் போய்விட்டது.

தப்பெண்ணம் எங்கட ஆக்களுக்கு மட்டும் உரியதல்ல. கற்சிலைமடுவில் ஒரு கல் நிற்கிறது. 1803 ஒக்டோபர் 31இல் கப்டன் வொன் ட்ரிபேர்க் பண்டாரவன்னியனைத் தோற்கடித்தான் என்பதே அதில் உள்ள செய்தி. அதைப் பலர் அவன் கொல்லப்பட்ட நாளாகவே சொல்வார்கள். கல் சொல்வது தோல்வியை, மரணத்தை அல்ல.

இன்னொன்று. "1981 குடிசனமதிப்பில கிளிநொச்சி மாவட்ட முஸ்லிம்கள் என்று ஒரு வரியும் இல்லையே" என்று படித்தவர்களே கேட்டிருக்கிறார்கள். அந்த மாவட்டம் யாழ்ப்பாண மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டது 1984இல்தான். அந்த மக்கள் யாழ்ப்பாணக் கணக்குக்குள் இருக்கிறார்கள். 1991இல் குடிசனமதிப்பு நடக்கவில்லை. 2001இல் வன்னி முழுமையாக எண்ணப்படவில்லை. 2012இல் எண்ணியபோது எங்கட ஆக்களில் பலர் புத்தளத்தில் எண்ணப்பட்டார்கள். ஆகவே அட்டவணையில் உள்ள குறைந்த தொகை, வராதவர்களின் தொகை அல்ல, துரத்தப்பட்டதன் தடம்.

பெரியவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு, "அப்ப, உங்களிட்ட வருஷம் இல்ல?" என்றார்.

"948 உங்களுக்கு உதவாது, ஹாஜியார். 1990 உதவும்" என்றேன்.

காணிச் சட்டம் கேட்பது யார் முதலில் வந்தார் என்பதை அல்ல. யார் இருந்தார், எப்படி இழந்தார் என்பதை. 10 வருட ஆட்சியால் பிறர் காணிக்கு உரிமை கோரும் வழியை, இடம்பெயர்ந்தவர்கள் விடயத்தில் மட்டுப்படுத்த 2016இல் ஒரு விசேட சட்டமே வந்தது. 1983 மே 1 முதல் 2009 மே 18 வரை ஆயுதக் குழுக்களின் செயலால் தங்கள் காணிக்கு உரிமை கோர முடியாமற் போனவர்களுக்கானது அது. வழக்குப் போடத் தந்த கால அவகாசமோ இரண்டே வருடம். அந்த இரண்டு வருடத்தில் நாங்கள் எத்தனை பேர் அறபு வம்சம் பேசிக்கொண்டிருந்தோம்!

அவரிடம் கேட்டேன்: நிக்காஹ் பதிவு இருக்கிறதா? பிள்ளைகளின் பள்ளிக்கூட இடாப்பு? பள்ளிவாசல் சந்தாப் புத்தகம்? மையவாடியில் யார் யார் அடக்கப்பட்டார்கள் என்று சொல்ல ஆளிருக்கிறதா?

"உம்மாட பெட்டியில வாப்பாட நிக்காஹ் துண்டு கிடக்கு. கறையான் கொஞ்சம் அரிச்சிட்டுது" என்றார்.

அடுத்த நாள் காலையில் அவர் வீட்டுக்குப் போனேன். ஓரம் அரித்திருந்தது. ஊர்ப் பெயரும் தேதியும் தப்பியிருந்தன. கைபேசியில் படம் பிடித்தேன். எங்கள் துறை செய்யும் வேலை இவ்வளவுதான். கறையான் எங்களுக்கு முந்தாமல் இருக்க வேண்டும்.