வண்டிப் பட்டறையில் பிறந்த விமானம்

மதுரையில பழைய பைப்ளேன் மாடல் செய்யுற நண்பர்கள் எல்லாரும் டைகர் மாத் பக்கம்தான் போறாங்க. நம்ம பக்கத்துக்குன்னே ஒண்ணு இருக்கு மக்களே. 1910-ல் சென்னை மவுண்ட் ரோடு ஓட்டல் முதலாளி டி ஏஞ்சலிஸ் வடிவமைத்து, பல்லாவரத்தில் பறக்கவிட்ட இரட்டை இறக்கை விமானம். செய்து கொடுத்தது சிம்சன் கம்பெனி. 1840-லிருந்து கோச் வண்டி கட்டியவர்கள்!

அதனால இதுக்கு கிட் தேடாம கையாலதான் செய்யணும். பெரிய மாடலில் பிளாஸ்டிக் பளபளப்பு உடனே காட்டிக்கொடுத்துடும். அந்தக் கால இறக்கை என்பது மரச்சட்டம், துணி, இழுத்துக் கட்டிய கம்பி, அவ்வளவுதான். நான் மூங்கிலைச் சீவி சட்டம் போடுறேன். வேட்டித் துணியை ஒவ்வொரு சட்டத்தோடும் ஊசியால் தைக்கிறேன். மேலே டோப் பூசினா, காயும்போது மேளத் தோல் மாதிரி விறைக்கும். கம்பிக்கு கிட்டார் தந்தி. தையல் கொஞ்சம் கோணினாலும் பிரிக்கிறதில்லை. வண்டிப் பட்டறைக்காரர் கைவேலை அதில்தான் தெரியும்.