விரலெழுத்தின் வரலாறு

எழுத்தின் வரலாறு பெரும்பாலும் கண்ணின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. கல்லில் வெட்டியதும் ஓலையில் கீறியதும் தாளில் அச்சிட்டதும் காண்போரை எண்ணியே செய்யப்பட்டன. காண இயலாதார்க்கென ஓர் எழுத்துமுறை செம்மையாக உருப்பெற்று ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளே ஆகின்றன. அதன் வரலாறு கல்வியின் வரலாறு மட்டுமன்று. பார்வையற்றோர் பிறர் இரக்கத்தால் அன்றித் தம் உழைப்பால் வாழும் உரிமையைத் தேடிச் சென்ற வரலாறும் ஆகும்.

பாரிசில் பிறந்த புள்ளிகள்

பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் வாலன்டைன் ஹாயி என்பவர் பாரிசில் பார்வையற்ற சிறாருக்கெனப் பள்ளியொன்றைத் தொடங்கினார். வழக்கிலிருந்த எழுத்துகளையே தாளில் புடைக்கச் செய்து அங்குக் கற்பித்தனர். நூல்கள் பருத்தும் கனத்தும் இருந்தன. மாணவர் மெல்லத் தடவிப் படிக்கலாம். தாமே எழுத வழியில்லை.

1819இல் அப்பள்ளியில் சேர்ந்தவர் லூயி பிரெயில். 1809ஆம் ஆண்டு கூவ்ரே என்னும் சிற்றூரில், சேணம் செய்யும் தொழிலாளியின் மகனாகப் பிறந்தவர். மூன்று வயதில் தந்தையின் பட்டறையில் கூரிய கருவியொன்று கண்ணில் பாய்ந்தது. அப்புண் மறு கண்ணையும் கெடுத்தது. படையதிகாரி சார்ல் பார்பியே வகுத்த பன்னிரு புள்ளி முறையை அறிந்த பிரெயில், அதை ஆறு புள்ளிகளாகச் சுருக்கினார். பன்னிரண்டைத் தடவ விரலை நகர்த்த வேண்டும். ஆறினை விரல்நுனி ஒரே தொடுகையில் உணரும். ஆறு புள்ளிகளிலிருந்து அறுபத்து மூன்று வடிவங்கள் கிடைத்தன. 1824இல், தம் பதினைந்தாம் வயதில், இம்முறைக்கு அவர் உருவம் கொடுத்தார். 1829இல் அது நூலாக வெளிவந்தது.

மாணவர் இதனை விரும்பி ஏற்றனர். ஆயினும் 1840இல் பள்ளித் தலைமையேற்ற டுபோ இதற்குத் தடை விதித்தார். காண்போர் எழுத்தோடு ஒவ்வாத எழுத்து பார்வையற்றோரைத் தனிமைப்படுத்திவிடும் என்பது எதிர்ப்பாளர் வாதம். மாணவரோ மறைவில் அதனையே எழுதிவந்தனர். 1844இல் புதிய கட்டடத் திறப்பு விழாவில் அவையோர் முன்னிலையில் அதன் திறன் காட்டப்பட்டபின் தடை தளர்ந்தது. 1852இல் பிரெயில் மறைந்தார். 1854இல்தான் பிரான்சு அதனை அதிகாரபூர்வமாக ஏற்றது. கருவி எவருக்கு எளிதாக இருத்தல் வேண்டும், கற்பிப்போர் கண்ணுக்கா, கற்போர் விரலுக்கா என்னும் வினா அன்றே எழுந்துவிட்டது.

டுபோவின் அச்சத்தில் ஓர் உண்மையும் இருந்தது. தொழில் செய்வோர் காண்போருடன் கடிதம் எழுதிப் பழகியாக வேண்டும். இதனைப் பிரெயிலே உணர்ந்திருந்தார். 1839இல், வழக்கிலுள்ள எழுத்துகளைப் புள்ளிகளால் வரையும் மற்றொரு முறையை வெளியிட்டார். பார்வையற்றவரான பூக்கோ அதற்கொரு பொறியும் செய்தார். அதே பள்ளியில் பயின்ற குளோது மொந்தால் பியானோவுக்குச் சுருதி சேர்க்கும் தொழிலில் புகழ்பெற்று, 1836இல் அத்தொழில் பற்றி நூலும் எழுதினார். காது செய்யும் வேலைக்குக் கண் எதற்கு என்பதை அவர் செய்கையால் மெய்ப்பித்தார்.

தமிழ் ஏற்ற புள்ளிகள்

இந்தியாவில் பார்வையற்றோர்க்கான முதற்பள்ளி 1887இல் அமிர்தசரசில் ஆனி ஷார்ப் அம்மையாரால் தொடங்கப்பட்டது. 1890இல் ஆஸ்க்வித் அம்மையார் பாளையங்கோட்டையில் ஒரு பள்ளியை நிறுவினார். ஆனால், நாட்டில் ஒன்றுக்கொன்று மாறான பல பிரெயில் முறைகள் வழங்கின; ஒரு பள்ளியின் நூல் மற்றொரு பள்ளியின் விரலுக்குப் புரியவில்லை. யுனெஸ்கோவின் முயற்சியும் துணைநிற்க, 1951இல் பாரதி பிரெயில் உருவாயிற்று. ஓரொலிக்கு எம்மொழியிலும் ஒரே வடிவம் என்பது இதன் அடிப்படை. தமிழின் ககரமும் இந்தியின் ககரமும் ஒன்று, மூன்று ஆகிய இரு புள்ளிகளே.

இம்முறையில் தமிழுக்கு அமைந்த ஓர் அழகு இலக்கிய அன்பர் எண்ணி மகிழத்தக்கது. அச்சில் ‘கொ’ என எழுதும்போது உயிர்க்குறி மெய்யின் இருபுறமும் பிரிந்து நிற்கும். பிரெயிலில் முதலில் ககரம், அடுத்து ஒகரம். உயிர்மெய்யில் மெய் முன்னும் உயிர் பின்னும் ஒலிக்கும் என்று தொல்காப்பியம் உணர்த்திய முறையை விரலெழுத்து வரிவடிவிலேயே காக்கிறது. மெய்யின் தலைமேல் நிற்கும் புள்ளி இங்கு மெய்க்கு முன்வந்து நான்காம் புள்ளியாகிறது. ‘அம்மா’ என்னும் சொல் அச்சில் மூன்றெழுத்து. பிரெயிலில் அகரம், புள்ளி, மகரம், மகரம், ஆகாரம் என ஐந்து கட்டங்கள். எழுத்தாணியால் வலமிருந்து இடமாகக் குத்தித் தாளைத் திருப்பினால் இடமிருந்து வலமாகப் படிக்கலாம்.

பேசும் பொறிகள்

எழுத்தறிந்தும் பார்வையற்றோர்க்குத் திறந்த தொழில்கள் சிலவே: நாற்காலிக்குப் பிரம்பு பின்னுதல், இசை கற்பித்தல், தொலைபேசி இணைப்பகப் பணி போன்றவை. அலுவலகக் கோப்பு அச்செழுத்தில் இருந்தது; அதனைப் படிக்க மற்றொருவர் தேவைப்பட்டார். 1976இல் ரே கர்ஸ்வைல் அறிமுகப்படுத்திய பொறி அச்சு நூலை உரக்கப் படித்துக் காட்டியது. 1989இல் டெட் ஹென்டர் என்னும் பார்வையற்ற அமெரிக்கர், கணிப்பொறித் திரையைப் படித்துச் சொல்லும் ‘ஜாஸ்’ மென்பொருளை வெளியிட்டார். அதன் விலை எளியோர்க்கு எட்டவில்லை. 2006இல் ஆஸ்திரேலியாவின் மைக்கேல் கரன், இவரும் பார்வையற்றவரே, ‘என்.வி.டி.ஏ.’ என்னும் மென்பொருளை இலவசமாக வழங்கத் தொடங்கினார்.

தமிழுக்கு மற்றொரு தடையும் இருந்தது. 1990களில் தமிழ்க் கணிப்பொறி எழுத்துருக்கள் ஒவ்வொன்றும் வெவ்வேறு குறியீட்டில் இயங்கின. கண்ணுக்குத் தமிழாகத் தெரிந்தது பொறிக்குப் பொருளற்ற குறிகளாயிற்று. 2010இல் தமிழக அரசு ஒருங்குறியை ஏற்றது இவ்வகையில் பெரும் திருப்பமாகும். 1951க்கு முன் பிரெயில் பட்ட பாடே மீண்டும் நிகழ்ந்து, அதே மருந்தால் தீர்ந்தது.

சட்டமும் மனமும்

1995ஆம் ஆண்டுச் சட்டம் அரசுப் பணியில் உடல் ஊனமுற்றோர்க்கு 3 விழுக்காடு ஒதுக்கி, அதில் 1 விழுக்காட்டைப் பார்வைக் குறையுடையோர்க்கு வழங்கியது. 2016ஆம் ஆண்டுச் சட்டம் ஒதுக்கீட்டை 4 விழுக்காடாக உயர்த்தி, பணியிடத்தில் தக்க வசதி செய்து தருதலைக் கடமையாக்கியது. 2015இல் சென்னையைச் சேர்ந்த பெனோ செபின் முழுப் பார்வையின்மையுடன் இந்திய அயலுறவுப் பணியில் சேர்ந்த முதல்வரானார். 2025 மார்ச்சில், பார்வையின்மையைக் காரணம் காட்டி நீதித்துறைப் பணியை மறுத்தலாகாது என உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

எனினும், சுற்றறிக்கையைப் படமாக எடுத்து அனுப்பும் அலுவலகத்தில், பேசும் பொறியும் ஊமையாகிவிடும். இருக்கை கிடைத்தும் வேலை கிடைக்காது. டுபோவின் தடையை இன்று எவரும் ஆணையாக இடுவதில்லை. கவனமின்மையே அதனைச் செய்துவிடுகிறது.

நூல் உலகுக்கும் இதில் பங்குண்டு. 2012ஆம் ஆண்டுப் பதிப்புரிமைத் திருத்தம், பார்வையற்றோர் படிக்கத்தக்க படிகளை உருவாக்க இடமளித்தது. இதே நோக்குடைய மராக்கேசு உடன்படிக்கையை 2014இல் உலகில் முதலாவதாக உறுதிசெய்த நாடு இந்தியாவே. ஒருங்குறியில் அமைந்த நூலின் கோப்பொன்றைப் பதிப்பகம் தந்தால் போதும். விரலும் செவியும் அதனைப் படித்துக்கொள்ளும். பாரிசில் மறைவில் புள்ளி குத்திய மாணவர் வேண்டியது சலுகையன்று. பிறர் படிப்பதைத் தாமும் படித்து, பிறர் செய்வதைத் தாமும் செய்யும் வாய்ப்பே. அதனை வழங்கும் கடன் இன்னும் முழுமையாகத் தீர்க்கப்படவில்லை.