மலைச் சிறு உழவர் குடும்பங்களின் காலநிலைப் பாதிப்புநிலை (திண்டுக்கல் மாவட்டம்)

காலநிலைப் பாதிப்புநிலை என்பது, வெப்பம், மழை, புயல் ஆகியவற்றில் நேரும் மாற்றங்களால் ஒரு குடும்பமோ ஊரோ எந்த அளவுக்கு நிலைகுலையக்கூடும் என்பதைக் குறிக்கும். காலநிலை மாற்றம் குறித்த பன்னாட்டு அரசுகளின் குழு 2007-இல் வெளியிட்ட நான்காம் மதிப்பீட்டறிக்கை, தாக்கத்துக்கு ஆட்படும் அளவு, அதனால் ஊறுபடும் தன்மை, அதைத் தாங்கி மாறிக்கொள்ளும் திறன் என இதனை மூன்று கூறுகளாகப் பகுத்தது. திண்டுக்கல் சமவெளியை ஒட்டிய மலைகளில் மூன்றாவது கூறே முதன்மையானது.

இச்சமவெளி மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவில் அமைந்தது. நகரின் அருகே சிறுமலையும், மேற்கே தாண்டிக்குடி, பண்ணைக்காடு, பாச்சலூர், ஆடலூர், பன்றிமலை முதலிய ஊர்களைக் கொண்ட கீழ்ப்பழனி மலையும் உள்ளன. கோடை மழையையும் வடகிழக்குப் பருவமழையையும் நம்பி, காப்பி, மிளகு, மலைவாழை, ஆரஞ்சு, உள்ளூரில் பட்டர்புரூட் எனப்படும் வெண்ணெய்ப்பழம் ஆகியவற்றை ஒரே தோட்டத்தில் கலந்து பயிரிடுவது இங்குள்ள வழக்கம்.

இவை பெரும்பாலும் பல்லாண்டுப் பயிர்கள் என்பதே இவ்வுழவரின் நிலையைச் சமவெளி உழவரின் நிலையினின்று பிரித்துக் காட்டுகிறது. மழை பொய்த்தால் நெல் பயிரிடுவோர் ஒரு பருவத்தை இழப்பர். காய்ந்த மிளகுக் கொடியையோ காப்பிச் செடியையோ மீண்டும் நட்டுக் காய்ப்புக்குக் கொண்டுவரச் சில ஆண்டுகளாகும். காப்பி மொட்டு விரிவதற்குக் கோடைத் தொடக்கத்தில் ஒரு மழையும், பிஞ்சு பிடிப்பதற்குச் சில வாரங்கள் கழித்து மற்றொரு மழையும் தேவைப்படுவதால், ஆண்டின் மொத்த மழை குறையாவிட்டாலும் இவ்விரு மழைகள் நாள் தவறினாலே விளைச்சல் வீழும். இந்நுட்பத்தை மொத்த மழையளவைக் கூறும் கணக்குகள் காட்டுவதில்லை.

பழனிப் பஞ்சாமிர்தத்துக்குப் பயன்படுவதும் புவிசார் குறியீடு பெற்றதுமான விருப்பாட்சி மலைவாழையின் வீழ்ச்சி, பல்லாண்டுப் பயிரின் இந்நிலைக்கு இன்னும் ஆழமான சான்றாகும். பக்கக்கன்றுகளால் தொடர்ந்து பல ஆண்டுகள் தார் ஈனும் இவ்வாழை, அசுவினிப் பூச்சி பரப்பும் முடிக்கொத்து நோய் என்னும் நச்சுயிரி நோயால் பெருமளவு அழிந்தது. இவ்வழிவு முழுவதையும் காலநிலையின் மீது சுமத்துவது பொருந்தாது. நோயுற்ற கன்றுகளே தோட்டந்தோறும் நடப்பட்டதும் பெருங்காரணம். ஆனால் வெப்பமும் வறட்சியும் முன்பே நலிந்த தோட்டத்தை மேலும் நலிவிப்பவை.

தாங்கி மாறிக்கொள்ளும் திறனை நிலத்தின் சிறுமையும் குறைக்கிறது. இந்தியாவில் 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி, நிலவுடைமைகளில் ஏறத்தாழ 86 விழுக்காடு இரண்டு எக்டருக்குட்பட்ட சிறு, குறு உடைமைகளாகும். இத்தகைய சிற்றுடைமை மலையில் இருக்கும்போது தொலைவின் சுமையும் சேர்கிறது. தோட்டத்திலிருந்து சாலை வரை விளைபொருளைக் குதிரையிலோ தலைச்சுமையாகவோ கொணரவேண்டிய இடங்கள் உள்ளன. 2018 நவம்பரில் கஜா புயல் கரையேறி இம்மாவட்டத்தைக் கடந்தபோது, கொடைக்கானல் பகுதியில் மரங்கள் சாய்ந்து சாலைகள் அடைபட்டன. அத்தகைய நாள்களில் பறித்த பழம் சந்தை சேராமல் அழுகுவது மழையால் நேர்ந்த இழப்பாகக் கணக்கில் ஏறுவதில்லை. 2016 முதல் நடைமுறையிலுள்ள பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டம் பெரிதும் பகுதியின் சராசரி விளைச்சலை வைத்தே இழப்பீட்டை முடிவுசெய்வதால், ஒரு சரிவு காய்ந்து அடுத்த சரிவு பசுமையாக நிற்கும் மலையில் தனிக்குடும்பத்தின் இழப்பு மறைந்துபோக இடமுண்டு. பட்டா இல்லாதோர்க்கு வங்கிக் கடனும் அரிது. பளியர் முதலிய பழங்குடியினருக்கு 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் முக்கியமாவது இதனாலேயே.

திருச்சியிலுள்ள தேசிய வாழை ஆராய்ச்சி மையமும் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் நச்சுயிரியற்ற திசு வளர்ப்புக் கன்றுகளைக் கொண்டு மலைவாழையை மீட்க முயன்றுள்ளன. நிழல் மரங்களைக் காப்பதும் பல பயிர்களைக் கலந்து வளர்ப்பதும் உழவர்கள் தாமே நெடுங்காலமாகக் கையாளும் தற்காப்பாகும். தோட்டத்தை விற்றுவிட்டு அவர்கள் மலையிலிருந்து இறங்கிவிட்டால் இம்மர நிழலும் நிலைக்குமென்பதற்கு உறுதியில்லை. இது மலைக்கு மட்டுமான கவலையன்று: திண்டுக்கல் நகருக்குக் குடிநீர் தரும் ஆத்தூர் காமராசர் நீர்த்தேக்கத்துக்கு நீர் வருவதும் இக்கீழ்ப்பழனிச் சரிவுகளிலிருந்துதான்.