தூதுவன் கோலும் கையிலுள்ள காசும்



தோட்டத்து ஆஸ்பத்திரிச் சுவரிலோ மருந்துப் பெட்டியின் மேலோ பாம்பு சுற்றிய கோல் ஒன்றை நாம் பார்த்திருப்போம். அது மருத்துவத்தின் அடையாளம். அதில் ஒரே ஒரு பாம்புதான் இருக்கும், சிறகு இருக்காது. இரண்டு பாம்புகள் பின்னிக்கொண்டு, உச்சியில் இரு சிறகுகளும் விரிந்திருந்தால் அது வேறு கோல். அது தூதுவனின் கோல். இரண்டையும் ஒன்றாகக் கருதி மயங்குவோர் பலர். 1902ஆம் ஆண்டில் அமெரிக்கப் படையின் மருத்துவப் பிரிவே இரட்டைப் பாம்புக் கோலைத்தான் தன் உடுப்பின் சின்னமாக ஏற்றுக்கொண்டது. அந்தத் தூதுக்கோல் காசுகளில் ஏறிய வரலாற்றையே இன்று நாம் பார்க்கப் போகிறோம்.

கிரேக்கர் தம் தேவர்களின் தூதனை ஹெர்மிஸ் என்றனர்; ரோமர் மெர்க்குரி என்றனர். அவனே வணிகர்களுக்கும் காவல் தெய்வம். சண்டையிட்டுக்கொண்டிருந்த இரு பாம்புகளுக்கு நடுவே அவன் தன் கோலைப் போட்டானாம். அவை பகை மறந்து அதிலே பின்னிக்கொண்டனவாம். கதை எதுவானாலும் அதன் கருத்துத் தெளிவு. இந்தக் கோலை ஏந்தி வருபவன் ஆயுதம் ஏந்தி வரவில்லை, பேச வருகிறான். அவனைத் தீண்டக் கூடாது.

இந்த வழக்கம் நமக்கும் புதிதன்று. தூதனைக் கொல்வது முறையன்று என்று அனுமனுக்காக விபீடணன் வாதாடியது நம் பிள்ளைகளுக்கும் தெரியும். அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது சென்றவர் ஔவையார். திருக்குறளில் தூது என்றே ஓர் அதிகாரம் உண்டு.

அப்படியானால் தூதுக்கோலுக்குக் காசில் என்ன வேலை? காசும் ஒருவகைத் தூதுதான். முன்பின் அறியாத இருவருக்கு நடுவே அது போய் நின்று, "என்னை நம்பிப் பொருளைக் கொடு" என்கிறது.

ஏறத்தாழ 2,200 ஆண்டுகளுக்கு முன், இன்றைய ஆப்கானிஸ்தான் பகுதியில் டெமெட்ரியஸ் என்ற கிரேக்க மன்னன் ஒரு செப்புக் காசு வெளியிட்டான். அதன் ஒரு பக்கம் கழுத்தில் மணி கட்டிய யானைத் தலை. மறு பக்கம் தூதுக்கோல். இந்திய யானையும் கிரேக்கக் கோலும் ஒரே காசில் கூடின. பின்னாளில் தட்சசீலப் பகுதியை ஆண்ட மௌஸ் என்ற சக மன்னனும் அதே உருவங்களைத் தன் காசில் பொறித்தான்.

தெற்கே, தமிழகத்துக்கு ரோமாபுரியின் பொன் வந்தது. யவனர் கப்பல்கள் முசிறியில் பொன்னை இறக்கி மிளகை ஏற்றிச் சென்ற செய்தியை அகநானூறு கூறுகிறது. இந்தியா ஆண்டுதோறும் 5 கோடி செஸ்டர்ஸ் பணத்தைக் கொண்டுபோய்விடுகிறது என்று பிளினி என்ற ரோம அறிஞர் குறைபட்டு எழுதினார்.

அக்காலத்தில் கி.பி. 41 முதல் 54 வரை ஆண்ட பேரரசர் கிளாடியஸின் காசு ஒன்றைப் பார்ப்போம். சிறகுள்ள பெண் தெய்வம் ஒன்று நடந்து வருகிறது. தரையில் ஊரும் பாம்பை நோக்கித் தூதுக்கோலை நீட்டுகிறது. சுற்றிலும், பேரரசரின் அமைதிக்கு இக்காசு உரியது என்னும் பொருள்பட லத்தீன் எழுத்து. ஆனால் அதே கிளாடியஸ்தான் கி.பி. 43இல் பிரிட்டன் மீது படையனுப்பினார்! காசில் அமைதி; களத்தில் போர்.

நம் முன்னோர் இந்தக் காசுகளை எப்படி ஏற்றார்கள்? 1898ஆம் ஆண்டு புதுக்கோட்டைச் சீமையில் கருக்காக்குறிச்சி என்ற ஊரில் 501 ரோமப் பொற்காசுகள் கிடைத்தன. கிளாடியஸின் காசுகளும் அவற்றில் இருந்தன. பெரும்பாலான காசுகளில் பேரரசர் முகத்தின் மேல் உளியால் வெட்டிய தழும்பு! காரணம் பற்றி ஆய்வாளரிடையே கருத்து வேறுபாடு உண்டு. பேரரசரின் முகத்துக்காக அக்காசுகளை மதிக்காமல், தங்கத்தின் எடைக்காக மதித்தனர் என்பது பலருடைய எண்ணம். முத்திரை என்ன சொன்னாலும், நிறுத்துப் பார்த்துத்தான் வாங்கினார்கள் போலும்.

அண்மைக் காலத்திலும் இந்தக் கோல் காசில் ஏறியிருக்கிறது. முதல் உலகப் போருக்குப் பிறகு பிரான்சில் வெள்ளிச் சில்லறை அரிதாயிற்று. 1920களில் வணிகர் சங்கங்களின் பெயரால் மலிவான உலோகத்தில் காசுகள் வெளிவந்தன. அவற்றில் தூதுக்கோலுடன் மெர்க்குரி வீற்றிருக்கிறான். ஒரு பிராங்குக்கு இது செல்லும் என்ற உறுதிமொழி மட்டுமே அதன் மதிப்பு.

இனி நம் பினாங்குக்கு வருவோம். 1786இல் பிரான்சிஸ் லைட் இத்தீவைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்காகக் கைப்பற்றினார். மறு ஆண்டே, 1787இல், இத்தீவுக்கென்று செப்புக் காசுகள் அடிக்கப்பட்டன. ஒரு பக்கம் ஜாவி எழுத்தில் தீவின் பெயர். மறு பக்கம் கம்பெனியின் மூட்டை முத்திரை: இதய வடிவக் கட்டத்துள் கம்பெனிப் பெயரின் முதலெழுத்துகள், அதன் தலையில் ஆங்கில நான்கு போன்ற ஒரு குறி. ஐரோப்பிய வணிகர்கள் பலர் தம் சரக்குகளில் இட்ட குறி அது. அந்த நான்கு, மெர்க்குரியின் தூதுக்கோல் சுருங்கிய வடிவமே என்று கருதுவோர் உண்டு. சிலுவையின் வடிவம் என்போரும் உண்டு. எதுவானாலும், துணிமூட்டையில் இருந்த அதே முத்திரைதான் காசிலும் இருந்தது. எழுத்தறியாத சுமைகாரரும் அதைப் பார்த்தவுடன் கம்பெனி என்று அறிந்துகொள்வார்.

பின்னர் அதே பினாங்குத் துறையில் நம் பாட்டன் பூட்டன் வந்து இறங்கினார்கள். செபராங் பிறையின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போனார்கள். காசு செல்லும் காசுதான், அதில் குற்றமில்லை. ஆனால் கப்பல் செலவு என்றும் முன்பணம் என்றும் பிடித்தது போக, கைக்கு வந்தது எவ்வளவு? கணக்கு ஏட்டைப் படிக்கத் தெரியாத கைக்குக் காசின் முத்திரை எந்தக் காவலும் தரவில்லை. அந்த ஒப்பந்த முறை 1910இல்தான் மலாயாவில் ஒழிந்தது.

தூதுக்கோல் நல்ல சின்னமே. பகையை விலக்கி, கொடுக்கல் வாங்கலுக்கு வழி செய் என்கிறது. ஆனால் தூது சொல்லும் செய்தி மெய்யா என்று கேட்பது பெறுபவர் கடமை. ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் நம்மவர் உளியும் தராசும் எடுத்துக் கேட்டார்கள். இன்று நமக்கு உளி வேண்டாம். எழுத்தும் எண்ணும் போதும். சம்பளச் சீட்டு வீட்டுக்கு வரும் நாளில், பள்ளிக்குப் போகும் பிள்ளையை அருகில் உட்காரவைத்து, வரவு எவ்வளவு, பிடித்தம் எவ்வளவு என்று ஒவ்வொரு வரியாக வாசிக்கச் சொல்வோம். வாசித்து முடித்த பின் காசை எண்ணுவோம்.