தொலைந்தது சிறு வளையம், மணிக்கூடு அல்ல

திருகோணமலைத் துறைமுகத்தை அண்டிய பகுதியில் மணிக்கூடு திருத்தும் என்னிடம் அடிக்கடி வரும் கேள்வி இது: "அண்ணா, இது அப்பாட மணிக்கூடு. உள்ளுக்க ஏதோ சின்னச் சாமான் இல்லையாம். இயந்திரத்தையே மாத்தச் சொல்லுறாங்க. மாத்தவா?"

அவசரப்பட்டு மாற்றாதீர்கள் என்பதே என் பதில்.

வருவது பெரும்பாலும் சீக்கோ 5 ஓட்டோமற்றிக். கையசைவில் உள்ளிருக்கும் றோட்டர் சுழன்று, முதன்மைச் சுருளுக்குத் தானே சாவி கொடுக்கும். பற்றரி தேவையில்லை. 1990களில் வன்னிக்கும் யாழ்ப்பாணத்துக்கும் தடுக்கப்பட்ட பொருட்களில் பற்றரியும் இருந்தது. அப்போது இத்தகைய மணிக்கூட்டின் அருமை தெரிந்தது. 2006இல் மூதூர் கிழக்கிலும் சம்பூரிலும் இருந்து இடம்பெயர்ந்தவர்களில், கையில் கட்டியிருந்ததை மட்டுமே கொண்டுவந்தவர்கள் உண்டு.

1996இல் அறிமுகமான 7எஸ்26 இயந்திரத்தை எடுத்துக்கொள்வோம். அதில் அடிக்கடி காணாமல் போவது, டயலுக்கு அடியில் கிழமைத் தட்டைப் பிடித்து வைத்திருக்கும் 'சி' வடிவ மெல்லிய எஃகு வளையம். அரிசி மணியின் நீளம்கூட இல்லாதது. கழற்றும்போது துள்ளிப் பறந்துவிடும். முன்பு திறந்தவர் அதைப் போடாமலே மூடியிருந்தால் தட்டு மேலெழுந்து டயலில் உரசும். கிழமை மாறாது, அல்லது பாதியில் நிற்கும். உரசல் கூடினால் மணிக்கூடே நின்றுவிடலாம். நேரம் சரியாக ஓடி, கிழமை மட்டும் குழம்பினால் இயந்திரத்தைக் குறை சொல்ல வேண்டியதில்லை.

மாற்று வளையத்தை, அதே இயந்திர எண்ணுள்ள உடைந்த மணிக்கூட்டிலிருந்து எடுக்கலாம். பின்மூடியில் சிறு கோட்டுக்கு முன்னுள்ள நான்கு எழுத்துகளே அந்த எண். கழற்றுவதையும் பூட்டுவதையும் தெளிவான பிளாஸ்டிக் பைக்குள் வைத்துச் செய்தால் வளையம் பறந்தாலும் பைக்குள்ளேயே கிடக்கும். தரையில் விழுந்ததைக் காந்தத்தால் தேடி எடுத்தால், பூட்டுவதற்கு முன் காந்தம் நீக்க வேண்டும். இல்லையேல் தலைமயிர்ச் சுருள் ஒட்டிக்கொண்டு மணிக்கூடு முந்தி ஓடும். சுப்பர் குளூவை விடவே கூடாது. அதன் ஆவி டயலில் வெண்படலமாகப் படியும், தட்டும் இறுகிவிடும்.

திருத்தக் கொடுக்கும்போது மூன்று விடயங்களைச் சொல்லுங்கள்.

ஒன்று, கழற்றிய பழைய பாகங்கள் எல்லாம் எனக்குத் திரும்ப வேண்டும்.

இரண்டு, கிழமைத் தட்டை மாற்ற வேண்டாம். வளைகுடாவில் வாங்கியதில் கிழமை அரபியிலும் இருக்கும். அதை வாங்கி வந்தவர் எங்கே உழைத்தார் என்பதற்கு அது ஓர் அடையாளம்.

மூன்று, பின்மூடியைத் தேய்த்து மினுக்க வேண்டாம். அங்குள்ள தொடர் எண்ணின் முதல் இலக்கம் தயாரித்த ஆண்டின் கடைசி இலக்கம், அடுத்தது மாதம்.

மணிக்கூடு காணாமல் ஆக்கப்பட்ட ஒருவருடையதென்றால், கொடுக்குமுன் இரு எண்களையும் படம் எடுத்து வையுங்கள். தேய்ந்த எண்ணை எவராலும் திருப்பித் தர முடியாது.

கடல் உப்புக்காற்று உள்ளே போகாதிருக்க, மூடும்போது றப்பர் வளையத்தைப் புதிதாகப் போடச் சொல்லுங்கள். 7எஸ்26க்குத் திருகிச் சாவி கொடுக்க முடியாது. அரை நிமிடம் பக்கவாட்டில் மெதுவாக ஆட்டிக் கையில் கட்டுங்கள். முழுச் சாவி ஏறினால் கழற்றி வைத்தாலும் ஏறத்தாழ 40 மணி நேரம் ஓடும்.